சோடி

வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் கசிகிறது என்பதை முதலில் கண்டது உம்மாதான். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஸுபஹ் தொழுதுவிட்டு விறாந்தையைக் கூட்டப் போனவர், முன்சில்லுக்குக் கீழே சீமெந்துத் தரையில் உள்ளங்கையளவு கறுப்பு ஊறல் இருப்பதைக் கண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மன, இஞ்ச வந்து பாரு. வாப்பாட சைக்கிள் ஒழுகுது.”

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சைக்கிள்தான். உண்மையில் அது ஒரு ஹொண்டா ஸீ.டி. 200. இரட்டைச் சிலிண்டர், 194 ஸீ.ஸீ. வாப்பா விவசாயப் போதனாசிரியராக இருந்தபோது 1984இல் வாங்கியது. சாய்ந்தமருதிலிருந்து காலையில் புறப்பட்டால் வட்டை வட்டையாக அலைந்து அஸருக்குத்தான் திரும்புவார். தார் ரோட்டில் ஓடியதைவிட வாய்க்கால் கட்டிலும் வரம்பிலும் அது ஓடியதுதான் அதிகம். கபிலநிறத் தத்தி விழுந்த வயலென்று செய்தி வந்தால், அது போடியாரின் வயலா குத்தகைக்காரனின் வயலா, தமிழாளின் வயலா சோனகரின் வயலா என்று கேட்கமாட்டார். சைக்கிளை உதைத்துப் புறப்பட்டுவிடுவார்.

“பின்சில்லு ஆளச் சுமக்கிறது. முன்சில்லுதான் ரோட்டப் படிக்கிறது” என்பார். முன்சில்லு படித்ததைக் கைக்குச் சொல்வது முன் ஷொக். அது பழுதானால் எவ்வளவு நல்ல என்ஜினும் பிரயோசனமில்லை.

முன் ஷொக்கின் உள்விடயம் அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. இரண்டு பக்கமும் இரண்டு கால்கள். ஒவ்வொரு காலிலும் மேலே குரோம் பூச்சுப் பூசிய ஓர் இரும்புப் பைப்; அது கீழேயுள்ள தடித்த குழாய்க்குள் இறங்கி ஏறுகிறது. உள்ளே நீண்ட ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் குழியில் விழுந்த சில்லு நின்று நின்று துள்ளிக்கொண்டே போகும். துள்ளலை அடக்குவது எண்ணெய்தான். நடுவிலுள்ள தண்டின் சிறு துளைகளூடாக அது நெருக்குப்பட்டுப் போய் வரவேண்டும். அந்த நெருக்கடியில் அடியின் வேகம் தணிந்துவிடுகிறது. எண்ணெய் வெளியேறாமல் குழாயின் வாயில் ஒரு ரப்பர் வளையம் பைப்பை இறுகப் பிடித்திருக்கும். அதைத்தான் ஒயில் சீல் என்கிறோம். எங்கள் வீட்டுத் தரையிலே கறுப்பாகக் கிடந்தது அந்த வளையத்தைத் தாண்டி வந்த எண்ணெய்.

வேறு காலமாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன். வாப்பா மௌத்தாகி அப்போது சரியாக ஒரு வருடம். சைக்கிள் விறாந்தையில் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் அந்த ஆகஸ்டில் உம்மாவுக்கு ஓர் எண்ணம் வந்திருந்தது.

வாப்பா 2021 ஆகஸ்டில் கொவிட்டில் போனவர். அதற்கு முந்திய வருடம், 2020 ஏப்ரலில், கொவிட்டில் இறப்பவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்ததையும், நமது வீடுகளில் அடுப்பெரியாமல் கழிந்த நாட்களையும் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2021 பெப்ரவரி 25இல் அது மாற்றப்பட்டு, மார்ச் 5 தொடக்கம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அந்த வகையில் வாப்பாவுக்கு மண் கிடைத்தது. ஆனால் அவருடைய வாப்பாவும் உம்மாவும் கிடக்கும் எங்களூர் மையவாடியில் அல்ல, ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தள்ளி. நான் ஒருவன்தான் போனேன். தூரத்தில் நின்று பார்த்தேன். உம்மா இத்தாவில் இருந்தார். இத்தா முடிந்த பிறகு போகலாமென்றால் ஒன்று மாறி ஒன்று வந்தது. கடைசியில் பெற்றோல் வரிசை வந்தது. கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். பஸ்ஸும் ஒழுங்காக ஓடாத காலம்.

“அவரு முப்பத்தேழு வருசம் என்ன ஏத்திக்கிட்டுத் திரிஞ்ச சைக்கிள். அதுலயே போவம் மன. உள்ளுக்குப் போகாட்டியும் பரவால்ல. வெளியில நிண்டு இடத்தக் கண்டாப் போதும்” என்றார் உம்மா.

அவருக்கு அப்போது 68 வயது. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வர 150 கிலோமீற்றர். கடைசியில் கிரவல் ரோடு. ஒழுகுகின்ற முன் ஷொக்குடன் அது நடக்காது. வழிந்த எண்ணெய் பிரேக் லைனருக்குள் இறங்கினால் அவசரத்துக்குப் பிரேக் பிடிக்காது.

முதலில் நகரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். இரண்டு சீலையும் மாற்றினார்கள். மூன்றாம் நாள் வலது பக்கம் திரும்பவும் ஒழுகியது. கராஜ்காரத் தம்பி கெட்டிக்காரன்தான்; மறைக்காமல் சொன்னான். “சீல்ல பிழை இல்ல காக்கா. பைப்புல பூச்சு பேந்து துரு தின்னிருக்கு. அந்தக் குழியெல்லாம் சின்ன அரம் மாதிரி. எத்தின சீல் போட்டாலும் வெட்டிப் போடும். பேசாம இந்தியன் பைக் ஒண்டுட முன்பக்கத்த அப்பிடியே தூக்கிப் போடுவம்.”

பலரும் செய்கிற காரியம்தான். ஆனால் ஒரு முன் ஷொக்கை இன்னொன்றில் மாட்டுவது சட்டைக்குப் பொத்தான் மாற்றுவது போலல்ல. இரண்டு கால்களையும் பிடித்து வைத்திருக்கும் கவ்வியின் துளைக்குப் பைப்பின் பருமன் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் கவ்வியையும் மாற்றவேண்டும். அப்போது கழுத்துக்குள் இருக்கும் போல் ரேஸ் பொருந்தாது. நீளம் குறைந்தால் முன்பக்கம் குனிந்து ஹேண்டில் துடிக்கும். கூடினால் வளைவில் திரும்ப மறுக்கும். சில்லின் அச்சு வேறு, பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடித்து நிறுத்தும் முனை வேறு. அந்த முனை சரியாக அமையாவிட்டால் பிரேக் பிடித்தவுடன் தட்டே சுழன்றுவிடும். இதையெல்லாம் லேத்தில் கொடுத்துச் சரிப்படுத்தலாம். ஆனால் அதற்குப் பிறகு அது எவருடைய சைக்கிள்?

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பக்கத்தூர் ஐயாட்டக் கொண்டு போ. அந்த ஷொக்குட கத அவருக்குத்தான் தெரியும்” என்றார். என்ன கதையென்று கேட்டேன். “அவருட வாயாலயே கேளு” என்றுவிட்டார்.

பக்கத்துத் தமிழூரில், பிரதான வீதிக்கு மேற்கே வயற்பக்கமாக ஐயாவின் கொட்டில். சிறுவயதில் வாப்பாவுடன் போயிருக்கிறேன். பிறகு போனதில்லை. ஒரே கடல், ஒரே வீதி, கூப்பிடு தூரம். இருந்தும் எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து எங்கள் தலைமுறை பழகிக்கொண்ட தூரம் ஒன்று இருக்கிறது. வாப்பா அந்தத் தூரத்தை ஒருபோதும் கணக்கில் எடுக்கவில்லை. நாங்கள்தான் எடுத்தோம்.

ஐயாவுக்கு வயது 75க்கு மேல். கை நடுங்குகிறது, தொழிலை விட்டு நாலைந்து வருடமாம். என்னை அடையாளம் தெரியவில்லை. சைக்கிளை அடையாளம் தெரிந்தது. எழும்பி வந்து ஹெட்லைட்டைத் தடவினார்.

“சேர் போன செய்தி பிந்தித்தான் தெரியும் தம்பி. தெரிஞ்சாலும் அந்த நேரம் வர ஏலுமா?” என்றார். பிறகு குந்தியிருந்து இடது பக்கப் பைப்பைப் பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். “இது நல்லாக் கிடக்கு.” வலது பக்கம் பார்த்தார். “இதுதான் சேர்ட பழைய கால்.”

நான் விளங்காமல் நின்றேன்.

“என்ட கை இனி சரிவராது. நான் சொல்லுறன், நீங்க கழட்டுங்க” என்றார்.

அவர் சொன்ன ஒழுங்கில் கழற்றினேன். சைக்கிளை நடுத்தாங்கியில் நிறுத்தி, என்ஜினுக்குக் கீழே கட்டை வைத்து முன்சில்லைத் தூக்கினோம். சில்லைக் கழற்றுமுன் கால்களின் அடியிலுள்ள அலன் போல்ட்டைத் தளர்த்தச் சொன்னார். நான் மேல்மூடியைத்தான் முதலில் திறக்கப் போனேன். தடுத்தார். மேலே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு இருக்கும்வரைதான் உள்ளே இருக்கும் தண்டு அசையாமல் நிற்குமாம்; மூடியைத் திறந்துவிட்டால் அடியில் போல்ட்டைத் திருப்பத் திருப்பத் தண்டும் சேர்ந்து சுற்றும். பிறகு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். வலது காலில் மூடியைத் திறந்தபோது ஸ்பிரிங்குக்கு மேலே மூன்று தடித்த வொஷர்கள் இருந்தன.

“அண்டைக்கு நான் போட்டது” என்று சிரித்தார்.

உள்ளே இருந்து ஊற்றியது எண்ணெயல்ல, கறுத்த சேறு. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் பரப்பினேன். இரண்டு பைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகத்தால் இழுத்துப் பார்க்கச் சொன்னார். இடது பைப்பில் நகம் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கியது. வலதில் இடைக்கிடை தடக்கியது. ஸ்பிரிங் இரண்டையும் நிமிர்த்தி வைத்தோம். வலதுபக்க ஸ்பிரிங் ஒரு விரற்கடை குட்டை. உழைத்து உழைத்து அமர்ந்துபோனது. அதை ஈடுகட்டத்தான் அந்த மூன்று வொஷர்.

“கடல்தண்ணி தின்ட பைப் தம்பி அது” என்றார் ஐயா. அதற்குப் பிறகுதான் கதையைச் சொன்னார்.

2004 டிசம்பர் 26இல் எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. நாங்கள் நால்வரும் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். வீடு போய்விட்டது. சைக்கிளை ஒரு கிழமை கழித்து மணலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்தோம். மதில் விழுந்து முன்பக்கத்தின் இடது கால் வளைந்திருந்தது. இது எனக்குத் தெரியும். நான் அப்போது கொழும்பில் வேலை. திரும்பி வந்தபோது சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி ஓடியது என்று நான் கேட்கவில்லை.

ஐயாவுக்கு ஒரு மகன். 24 வயது. அன்று காலை கடற்கரைக்குப் போனவன். உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய சைக்கிளும் ஸீ.டி. 200தான், அது கொட்டிலுக்குள் நின்றதால் தண்ணீர் படவில்லை. 2005 மார்ச்சில் வாப்பா எங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வந்திருக்கிறார். கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆளனுப்பித் தேடியும் அந்த நேரம் சாமான் வந்து சேரவில்லை. ஐயா பேசாமல் மகனுடைய சைக்கிளின் முன் ஷொக்கைக் கழற்றத் தொடங்கியிருக்கிறார்.

“சேர் என்ட கையப் பிடிச்சுப் போட்டார். வேணாம், மகன்ட சைக்கிளக் கழட்டாதீங்க எண்டு. நான் சொன்னன், ஓட ஆளில்லாத சைக்கிள் நிண்டு என்ன செய்யிற சேர், நீங்க வட்டைக்குப் போகாட்டி ஆர் போற எண்டு. ரெண்டையும் சோடியாப் போடுங்க, அதுதான் முறை எண்டன். கேக்கல்ல. ஒண்டு போதும், மத்தது உங்களுட்டயே இருக்கட்டும் எண்டிட்டார். அதாலதான் ஒரு கால் சேர்ட, ஒரு கால் என்ட பிள்ளைட.”

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2005 ஜூனில் அரசாங்கமும் புலிகளும் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பில் கையொப்பமிட்டபோது, இந்தக் கரையில் அத்தனை உயிர்களைக் கொடுத்த முஸ்லிம்களுக்குக் கையொப்பமிட ஒரு மூலை கிடைக்கவில்லை. ஜூலையில் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. யார் யாருக்கு எவ்வளவு என்று எல்லோரும் எழுதினோம்; நானும் எழுதினேன். அதெல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் நான் அவற்றை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், என் வாப்பா பக்கத்தூர்ப் பிள்ளையின் காலில்தான் வட்டைக்குப் போய் வந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் அதை ஒரு கதையாகக்கூட வீட்டில் பெரிதாகச் சொன்னதில்லை. உம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஐயா கொட்டிலின் பின்பக்கம் போனார். சுவரில் ஆணியில் தொங்கிய ஒன்றை எடுத்து வந்தார். பழைய சாரத் துணி, எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. பிரித்தால் உள்ளே வலது கால். பதினேழு வருடம். நகத்தால் இழுத்தேன். எங்கேயும் தடக்கவில்லை.

அந்த இடத்தில் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். “ஐயா, இதுக்கு எவ்வளவு தர?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“விக்கிறதெண்டா எப்பவோ வித்திருப்பன் தம்பி.”

வாப்பா வேண்டாமென்று விட்டுவைத்ததை நான் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஒரு தகப்பனிடம் மிஞ்சியிருப்பதில் பாதி அது. மறுத்தால் வாப்பாவைப் போல நடந்தவனாவேன். ஆனால் வாப்பா மறுத்தது 2005இல். அப்போது ஐயாவுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. இப்போது அவர் தானாகவே அதைத் துணியிலிருந்து பிரித்து நீட்டிக்கொண்டிருக்கிறார். மறுத்தால் அவரைத் திருப்பி அனுப்புவதாகும். இரண்டு கையாலும் வாங்கினேன்.

“பாட்டிக்குச் சரி. சேர்ட காலை என்னட்டத் தாங்க” என்றார். துருப்பிடித்த அந்தப் பைப்பை மண்ணெண்ணெயில் துடைத்து, அதே சாரத் துணியில் சுற்றி, அதே ஆணியில் மாட்டினார்.

பூட்டுவதற்கு இரண்டு நாட்கள் எடுத்தன. சீலின் உதட்டுக்கு எண்ணெய் பூசி, கோணாமல், பழைய பைப் துண்டொன்றை மேலே வைத்துச் சுற்றிவரத் தட்டி இறக்கினேன். அடி போல்ட்டுக்குப் புதிய செப்பு வொஷர். கழுத்தையும் விடவில்லை, ரேஸில் பள்ளம் விழுந்திருந்ததால் கிண்ணங்களையும் குண்டுகளையும் மாற்றிக் கிறீஸ் வைத்தோம். எண்ணெய் அளவில்தான் ஐயா மிகவும் கண்டிப்பு. ஸ்பிரிங்கைப் போடாமல், காலை முழுக்க அமத்தி, எண்ணெயை ஊற்றிப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றைப் போக்கி, பிறகு மெல்லிய கம்பியொன்றை உள்ளே விட்டு எண்ணெய் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்தார். மற்றக் காலிலும் அதே கம்பி. ஒரு நெற்பருமன் வித்தியாசம் இருந்ததற்கும் விடவில்லை. “ரெண்டும் ஒத்த மட்டத்தில இல்லாட்டி ஒண்டு முந்தும், ஒண்டு பிந்தும். சில்லு முறுகும்.” இம்முறை ஸ்பிரிங்குகள் ஒரே உயரம் என்பதால் வொஷர் தேவைப்படவில்லை.

கவ்விகளை இறுக்கி, சில்லை மாட்டி, அச்சை இறுதியாக இறுக்குமுன் முன்பக்கத்தைப் பலமுறை அமத்தி எழுப்பச் சொன்னார். கால்கள் இரண்டும் தங்களுக்குரிய இடத்தைத் தாங்களே கண்டுகொள்ளுமாம். அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அவரே வந்து முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஒருதரம் அமத்தி விட்டார். முன்பக்கம் அமர்ந்து, ஒருதரம் எழும்பி, அப்படியே நின்றது.

“ஒருக்கா எழும்பி நிண்டிட்டுது. அது போதும்.”

இரண்டு வாரப் பங்குப் பெற்றோலை டாங்கியில் சேர்த்துக்கொண்டு செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை உம்மாவும் நானும் புறப்பட்டோம். கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, கல்லடிப் பாலம், மட்டக்களப்பு. ஏறாவூரில் சாச்சி வீட்டில் இறங்கித் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு செங்கலடி, கிரான், வாழைச்சேனை. தமிழூரும் சோனகவூரும் மாறி மாறி வரும் வீதி. உம்மா வழிநெடுகப் பேசவில்லை. கிரவல் ரோட்டில் ஏறியபோது முன்சில்லு குழிகளில் இறங்கி ஏறுவதைக் கைகளில் உணர்ந்தேன். அடி தோள்வரை வரவில்லை.

அந்த மையவாடியில் ஒரு வருடத்துக்குள் 3,600க்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் நம்மவர்கள். இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. வரிசை வரிசையாக மண்மேடுகளும் இலக்கங்களும். உம்மா வேலியோரம் நின்றார். நான் உள்ளே போய் ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி, கபுறடியில் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். உம்மா அங்கிருந்தே பார்த்து, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் துஆச் செய்தார். 2024 ஜூலையில் அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்த செய்தியை நான் வாசித்துக் காட்டியபோதும் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த வேலியோரத்து நிமிடங்களில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னதாக ஐயாவின் கொட்டிலடியில் நிறுத்தினேன். எண்ணெய் ஒழுகியதா, ஹேண்டில் துடித்ததா என்றுதான் கேட்பார் என எண்ணினேன். சில்லின் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. உம்மாவைத்தான் பார்த்தார்.

“இடத்தக் கண்டீங்களா?”

“கண்டன்” என்றார் உம்மா.

ஐயா தலையை ஆட்டினார். பிறகு கடற்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “அது போதும்” என்றார்.